அலெக்சாண்டிரியாவின் பழைய நகரம் எங்கே போனது?

2025 ஜூலையில் எகிப்தின் அலெக்சாண்டிரியா நகரக் கடலடியிலிருந்து 22 பெரிய கற்களை கிரேன் வைத்துத் தூக்கினார்கள். சில கற்கள் 70, 80 டன் எடை. பண்டைய உலகின் ஏழு அதிசயங்களில் ஒன்றான ஃபாரோஸ் கலங்கரை விளக்கத்தின் கற்கள் அவை. செய்தி பரவிய வேகத்தில் 'காணாமல் போன கலங்கரை விளக்கம் கண்டுபிடிக்கப்பட்டது' என்றே பலர் பகிர்ந்தார்கள். இனி போய்ப் பார்க்கலாமா, திரும்பக் கட்டப் போகிறார்களா என்ற கேள்விகளும் கூடவே வந்தன.

இதற்கு நேர்மாறான ஒரு குழப்பமும் உண்டு. அலெக்சாண்டர் நிறுவிய நகரம், கிளியோபாட்ரா ஆண்ட நகரம், உலகின் பெரிய நூலகம் இருந்த நகரம் என்று படித்துவிட்டுப் போகிறவர்கள், அங்கே இறங்கியதும் நெரிசலான ஒரு நவீனத் துறைமுக நகரத்தைப் பார்க்கிறார்கள். ரோமில் கொலோசியம் இருக்கிறது, ஏதென்ஸில் அக்ரோபோலிஸ் இருக்கிறது. இங்கே ஏன் ஒன்றும் கண்ணில் படவில்லை என்று கேட்கிறார்கள். இரண்டு குழப்பத்துக்கும் விடை ஒன்றுதான்: பழைய நகரம் எப்படி மறைந்தது என்பதைத் தெரிந்துகொண்டால், எதை எங்கே பார்ப்பது என்பதும் தெரிந்துவிடும்.

## முதலில் அந்த 22 கற்கள்

கலங்கரை விளக்கத்தின் இடம் ஒருபோதும் தொலையவில்லை. அது விழுந்த இடத்தின் மேல்தான், அப்போது எகிப்தை ஆண்ட மம்லூக் வம்சத்தின் சுல்தான் காயித்பே 1477 இல் ஒரு கோட்டை கட்டத் தொடங்கினார். அந்தக் கோட்டை இன்றும் நிற்கிறது. அதன் அடியில், கடலுக்குள் ஆறு முதல் எட்டு மீட்டர் ஆழத்தில் கற்களும் சிலைகளும் கிடப்பதை உள்ளூர் முக்குளிப்பாளர் கமால் அபுல் சாதாத் 1960களின் தொடக்கத்திலேயே பார்த்துச் சொன்னார். அவர் சொல்லித்தான் ஐசிஸ் தேவியின் பெரிய சிலை ஒன்று வெளியே வந்தது. 1968 இல் யுனெஸ்கோ அனுப்பிய கடலடித் தொல்லியலாளர் ஆனர் ஃபிராஸ்ட் அந்த இடத்தை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். அப்புறம் கால் நூற்றாண்டு எதுவும் நடக்கவில்லை.

1993 இல் ஒரு திருப்பம். கோட்டையின் அடித்தளத்தை அலை அரிக்கிறது என்று, அதைக் காக்க பெரிய கான்கிரீட் கட்டிகளைக் கடலில் கொட்டினார்கள். அவை விழுந்தது பழைய கற்களின் மேலேயே. ஆவணப்பட இயக்குநர் ஒருவர் குரல் எழுப்பியதால் வேலை நின்றது. 1994 இல் பிரெஞ்சுத் தொல்லியலாளர் ழான் இவ் எம்பரரின் குழு அவசர அகழாய்வைத் தொடங்கியது. தூண்கள், ஸ்பிங்ஸ்கள், சிலைகள், கட்டடக் கற்கள் என்று ஆயிரக்கணக்கில் கிடைத்தன.

அப்படியானால் 2025 இல் புதிதாக நடந்தது என்ன? பிரெஞ்சுத் தொல்லியலாளர் இசபெல் ஹேரியின் குழு, கலங்கரை விளக்கத்தின் பிரம்மாண்ட வாசலுக்குரிய நிலைக்கல், உத்திரக்கல், வாசற்படி, அடித்தளப் பலகைகள் ஆகியவற்றை மேலே எடுத்து எல்லாப் பக்கமும் படம்பிடித்தது. ஆயிரக்கணக்கான படங்களை இணைத்து ஒவ்வொரு கல்லையும் முப்பரிமாண வடிவில் கணினிக்குள் கொண்டுவருவார்கள். போட்டோகிராமெட்ரி என்று இதற்குப் பெயர். எந்தக் கல் எந்தக் கல்லோடு பொருந்தும் என்று கணினியிலேயே அடுக்கிப் பார்க்கிறார்கள். ஆக, கட்டப்படுவது மெய்நிகர் கலங்கரை விளக்கம். கடற்கரையில் மறுபடி ஒன்றை எழுப்பும் வேலை இது அல்ல.

## நகரம் உட்கார்ந்திருக்கும் இடம்

கி.மு. 331 இல் அலெக்சாண்டர் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் நிலத்தின் அமைப்பு. வடக்கே மத்திய தரைக்கடல், தெற்கே மரியூத் ஏரி, நடுவே ஒடுங்கலான சுண்ணாம்புக்கல் மேடு. நைல் முகத்துவாரத்துக்கு மேற்கே இருப்பதால் ஆறு கொண்டுவரும் வண்டல் துறைமுகத்தை அடைக்காது. மத்திய தரைக்கடலின் இந்தக் கரையில் நீரோட்டம் கிழக்கு நோக்கிப் போகிறது. எதிரே ஃபாரோஸ் என்ற சிறு தீவு அலையைத் தடுத்தது.

ரோட்ஸ் தீவின் டெய்னோக்ரடீஸ் வகுத்த திட்டத்தில் தெருக்கள் சதுரங்கக் கட்டம் போல் அமைந்தன. தீவையும் கரையையும் இணைக்க ஒரு நீண்ட அணைப்பாதை போட்டார்கள். அக்கால கிரேக்க அளவில் ஏழு ஸ்டேடியம் நீளம், அதாவது ஒரு கிலோமீட்டருக்கும் சற்று மேல். கடலுக்குக் குறுக்கே இப்படி ஒன்றைப் போட்டால் இருபுறமும் மணல் சேரும். நம் கடற்கரையில் தூண்டில் வளைவு போட்ட இடங்களில் மணல் ஒதுங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். நூற்றாண்டுகள் போகப் போக அந்தப் பாதை அகன்று நிலமாகிவிட்டது. அதன் ஒரு பக்கம் கிழக்குத் துறைமுகம், மறுபக்கம் மேற்குத் துறைமுகம். இன்று நகர மையத்தின் மன்ஷியா சதுக்கத்திலிருந்து காயித்பே கோட்டை நோக்கி நடக்கிறவர்கள் கடந்து போகிற மசூதிகள், மீன் கடைகள், குடியிருப்புகள் எல்லாம் அந்தப் பழைய அணைப்பாதையின் மேல் படிந்த மணலில்தான் நிற்கின்றன. இது எந்தப் பலகையிலும் பெரிதாக எழுதப்படாத ஒரு விஷயம். அலெக்சாண்டிரியாவில் பார்க்க வேண்டிய பண்டைய சின்னங்களில் இதுதான் மிகப் பெரியது என்பேன்.

## மறைந்ததற்கான காரணங்கள்

1. நிலம் தாழ்ந்தது. கிழக்குத் துறைமுகத்தின் அடியில் அலெக்சாண்டருக்குப் பின் எகிப்தை ஆண்ட தாலமி அரச குடும்பத்தின் அரண்மனைப் பகுதி கிடக்கிறது. கடலடி ஆய்வாளர் ஃபிராங்க் கோடியோவின் குழு 1990களில் அதை வரைபடமாக்கியது. படகுத்துறைகள், ஆன்டிரோடோஸ் என்ற அரச தீவு, கிரானைட் தூண்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே மூழ்கியிருக்கின்றன. இந்த இரண்டாயிரம் ஆண்டில் கடல் மட்டம் உயர்ந்தது ஒன்று, ஒன்றரை மீட்டர்தான். மீதி ஐந்தாறு மீட்டர், நிலம் கீழே இறங்கியதால் வந்தது. டெல்டா ஓரத்து மண் தன் எடையாலேயே அமுங்கும். நிலநடுக்கத்தில் நீரூறிய களிமண் குழம்பாகி, மேலிருக்கும் கட்டடத்தோடு சரியும். கிழக்கே அபு கிர் விரிகுடாவில் தோனிஸ் ஹெராக்ளியான் என்ற துறைமுக நகரமே இப்படிப் போனது. 2000 இல் அதைக் கண்டுபிடித்தபோது, இன்றைய கரையிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் தள்ளிக் கடலுக்குள் இருந்தது.

2. நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும். கி.பி. 365 ஜூலை 21 அன்று கிரீட் தீவின் அருகே ஏற்பட்ட நிலநடுக்கம், அந்தத் தீவின் மேற்குக் கரையை ஒன்பது மீட்டர் வரை மேலே தூக்கியது. அதில் கிளம்பிய அலை அலெக்சாண்டிரியாவைத் தாக்கியது. கப்பல்கள் வீட்டுக் கூரைகளில் போய் உட்கார்ந்ததாக அக்கால ரோம வரலாற்றாசிரியர் அம்மியானஸ் எழுதியிருக்கிறார். கலங்கரை விளக்கம் அதையும் தாங்கியது. கி.மு. 280 வாக்கில் முடிந்த அந்தக் கட்டடம் 100 மீட்டருக்கு மேல் உயரம். கீழே சதுரம், நடுவே எண்கோணம், மேலே வட்டம். 796, 956 ஆண்டுகளின் நிலநடுக்கங்களில் அடிபட்டு, பழுது பார்க்கப்பட்டு, 1303 இல் பெரும் சேதம் அடைந்தது. 1326 இல் வந்த மொராக்கோ பயணி இபின் பதூதா ஒரு பக்கம் இடிந்திருப்பதைப் பார்த்தார். 1349 இல் மறுபடி வந்தபோது உள்ளே நுழையவே முடியவில்லை. 1600 ஆண்டுகள் கப்பல்களுக்கு வழிகாட்டிய ஒன்று, ஒரே இரவில் விழவில்லை; ஐந்நூறு ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக விழுந்தது.

3. போர். கி.பி. 270களின் தொடக்கத்தில் ரோமப் பேரரசர் ஆரேலியன் நகரத்தை மீட்டபோது அரண்மனைப் பகுதி நாசமானது. கால் நூற்றாண்டு கழித்து பேரரசர் டயோக்ளீஷியன் மாதக்கணக்கில் முற்றுகையிட்டார். 391 வாக்கில், நகரின் காவல் தெய்வமான செராபிஸின் கோயில் இடிக்கப்பட்டது. நூலகம் ஒரே தீயில் எரிந்தது என்ற கதை பிரபலம். கி.மு. 48 இல் ஜூலியஸ் சீசர் வைத்த தீ ஒரு பகுதியைப் பாதித்திருக்கலாம். ஆனால் ஆதரவு குறைந்ததும், பிந்தைய போர்களும் சேர்ந்துதான் அதை முடித்தன.

4. கல்லை எடுத்துப் போனார்கள். இதை வழிகாட்டிகள் அதிகம் சொல்வதில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியும் இழப்பில் பாதி இதுதான். 640களில் அரேபிய ஆட்சி வந்ததும் தலைநகரம் இன்றைய கெய்ரோ பக்கம் நகர்ந்தது. நகரம் சுருங்கியது. நைலிலிருந்து வந்த கால்வாய் தூர்ந்தது. கைவிடப்பட்ட பளிங்கும் சுண்ணாம்புக்கல்லும் சூளைக்குப் போய்ச் சுண்ணாம்பாகின. தூண்கள் புதிய கட்டடங்களுக்குப் போயின. 1798 இல் நெப்போலியன் இறங்கியபோது அங்கே சில ஆயிரம் பேர்தான் வசித்தார்கள். பிறகும் விடவில்லை. 'கிளியோபாட்ராவின் ஊசிகள்' எனப்படும் இரண்டு ஒற்றைக்கல் தூண்கள் இந்த ஊரில்தான் இருந்தன. ஒன்று 1878 இல் லண்டனிலும், மற்றது 1881 இல் நியூயார்க்கிலும் நிறுத்தப்பட்டன.

5. மேலேயே புது ஊர் வளர்ந்தது. எகிப்தின் ஆட்சியாளர் முகமது அலி 1820 இல் மஹ்மூதியா கால்வாயைத் திறந்தார். நைல் நீர் திரும்ப வந்தது, பருத்தி வணிகம் வந்தது. கிரேக்கர், இத்தாலியர், யூதர், சிரியர் எல்லாரும் வந்தார்கள். பழைய நகரின் மேல் நேரடியாகப் புது நகரம் எழுந்தது. எகிப்திய வானியலாளர் மஹ்மூத் அல் ஃபலக்கி 1860களில் அவசரமாகத் தோண்டிப் பழைய தெருக்களை வரைபடமாக்கியிராவிட்டால் நமக்கு அந்தத் தெருக்களின் கட்ட அமைப்பும் தெரிந்திருக்காது. இன்று ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் ஊர் இது. அகழாய்வு என்றால், ஏதாவது கட்டடத்தை இடித்துப் புதிது கட்டும் இடைவெளியில்தான். அலெக்சாண்டரின் கல்லறை இன்னும் கிடைக்காததற்கும் இது ஒரு காரணம்.

## அப்படியானால் எதைப் பார்ப்பது?

மேலே சொன்ன காரணங்களைக் கவனித்தால் ஒரு விதி புலப்படும். தரைமட்டத்தில் நின்றவை போய்விட்டன. மண்ணுக்கு அடியில் வெட்டியவை, மேட்டுக்குள் புதைந்தவை, தூக்க முடியாத அளவு கனமானவை, இந்த மூன்றும்தான் தப்பின. எனவே இந்த ஊரைச் சுற்றுவதற்குக் கீழே இறங்கிப் பழக வேண்டும்.

கோம் எல் ஷோகாஃபா நிலவறைக் கல்லறைகள். ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இங்கே போகலாம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் பாறையைக் குடைந்து மூன்று அடுக்காக அமைத்தது. 1900 இல் ஒரு கழுதை பள்ளத்தில் விழுந்ததால் தெரியவந்தது என்பார்கள். சுருள் படிக்கட்டில் இறங்கினால், இறந்தவர்களின் உறவினர்கள் வந்து விருந்துண்ட கூடம் இருக்கிறது. அதற்கும் கீழே முதன்மைக் கல்லறை. அங்கே நரித்தலை அனுபிஸ் தெய்வம் ரோமப் போர்வீரனின் கவசம் போட்டுக்கொண்டு நிற்கிறது. எகிப்தியச் சடங்கு, கிரேக்க அலங்காரம், ரோம உடை, எல்லாம் ஒரே சுவரில். அலெக்சாண்டிரியா எப்படிப்பட்ட ஊராக இருந்தது என்பதை இந்த ஒரு சுவர் சொல்கிற அளவுக்கு எந்த அருங்காட்சியகமும் சொல்லாது. மிகக் கீழ் அடுக்கு நெடுங்காலம் நீரில் மூழ்கியிருந்தது. நிலத்தடி நீரை இறைத்து வெளியேற்றும் திட்டம் 2019 இல் முடிந்தது.

பாம்பே தூண். பக்கத்திலேயே, செராபிஸ் கோயில் இருந்த மேட்டில் நிற்கிறது. பெயரில் இருக்கும் ரோமத் தளபதி பாம்பேக்கும் இதற்கும் தொடர்பில்லை. டயோக்ளீஷியன் பெயரில் மூன்றாம் நூற்றாண்டின் இறுதியையொட்டி எழுப்பியது. தண்டுப் பகுதி மட்டும் 20 மீட்டருக்கு மேல் நீண்ட ஒரே கல். அஸ்வானிலிருந்து நைல் வழியாக வந்த சிவப்பு கிரானைட். இது ஏன் தப்பியது என்று பார்த்த உடனே புரியும். தூணைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், கோயிலுக்கு அடியில் குடைந்த நிலத்தடி வழிகளுக்குள்ளும் போக வேண்டும்.

கோம் எல் திக்கா. ரயில் நிலையத்துக்கு அருகில் நெடுங்காலம் மண்மேடாகக் கிடந்த இடம். 1960 இல் மேட்டை அகற்றத் தொடங்கியபோது பளிங்கு இருக்கைகளோடு ஒரு ரோம அரங்கம் வெளிப்பட்டது. அன்று முதல் போலந்து அகழாய்வுக் குழு இங்கே வேலை செய்கிறது. எல்லாரும் அரங்கத்தோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் உண்மையான அதிசயம் அதன் பக்கத்தில் வரிசையாக இருக்கும் சிறு கூடங்கள். மூன்று பக்கமும் படிப்படியாகக் கல் இருக்கைகள், நடுவே ஆசிரியருக்கான உயர்ந்த இடம். 5 முதல் 7 ஆம் நூற்றாண்டு வரை நடந்த வகுப்பறைகள் இவை. நூலகம் அழிந்த பிறகு இந்த ஊரில் அறிவும் அழிந்துவிட்டது என்று நம்புகிறவர்கள் இங்கே வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

அருங்காட்சியகங்கள். 1892 இல் தொடங்கிய கிரேக்க ரோம அருங்காட்சியகம் 2005 இல் மூடப்பட்டு 2023 அக்டோபரில்தான் திறந்தது. பழைய பயணக் குறிப்புகளில் 'மூடியிருக்கிறது' என்றே இருக்கும், நம்ப வேண்டாம்.

புதிய நூலகம். பிப்லியோதெகா அலெக்சாண்டிரினா 2002 இல் திறக்கப்பட்டது. பழைய நூலகத்தின் மறுகட்டுமானம் அல்ல. அரண்மனைப் பகுதி இருந்த கரையோரத்தில் எழுந்த நவீனக் கட்டடம். சாய்ந்த வட்டக் கூரையும், உலகின் பல எழுத்துமுறைகளைச் செதுக்கிய கிரானைட் சுவரும் பிரபலம். வெளியே நிற்கும் தாலமி அரசரின் மாபெரும் சிலையைக் கவனிக்காமல் பலர் உள்ளே ஓடிவிடுகிறார்கள். காயித்பே கோட்டையடியில் கடலிலிருந்து எடுத்த சிலை அது. கலங்கரை விளக்கத்தின் காலடியில் நின்ற ஒன்றைப் பார்க்க கடலுக்குள் இறங்க வேண்டியதில்லை.

காயித்பே கோட்டை. இங்கே கடைசியில், மாலையில் போவது நல்லது. சுவரில் அங்கங்கே பதிந்திருக்கும் சிவப்பு கிரானைட் துண்டுகள், பழைய இடிபாடுகளிலிருந்து எடுத்துக் கட்டியவை. கோட்டை மேலிருந்து பார்த்தால் கிழக்குத் துறைமுகத்தின் முழு வளைவும் தெரியும். மூழ்கிய அரண்மனை அந்த வளைவுக்குள்தான் இருக்கிறது.

## மிளகு போன வழி

தமிழ் வாசகர்களுக்கு இந்தத் துறைமுகத்தோடு நேரடி உறவு உண்டு. வியன்னாவில் இருக்கும் ஒரு பாப்பிரஸ் (நாணல் தாள்) ஆவணம், கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மிளகுக்குப் பேர்போன சேரர் துறைமுகமான முசிறியிலிருந்து வரும் சரக்குக்காகப் போட்ட கடன் ஒப்பந்தம் அது. செங்கடல் துறைமுகத்தில் இறக்கி, ஒட்டகத்தில் பாலைவனம் கடந்து, நைல் கரையின் கொப்டோஸ் வந்து, படகில் அலெக்சாண்டிரியா சேர வேண்டும் என்று வழியே எழுதியிருக்கிறது. அங்கே அரசு நான்கில் ஒரு பங்கு வரியாக எடுத்துக்கொள்ளும். ஹெர்மபோலோன் என்ற கப்பலின் சரக்குக் கணக்கும் அதன் பின்பக்கத்தில் உள்ளது. செங்கடல் கரையில் பெரனிகே, குசேர் அல் காதிம் ஆகிய இடங்களில் தமிழ்ப் பிராமி எழுதிய பானை ஓடுகளும் கிடைத்திருக்கின்றன.

இந்தச் சரக்கு வந்து சேர்ந்தது கடல் பக்கம் அல்ல. நைல் கால்வாய்கள் வழியாகத் தெற்கே இருந்த மரியூத் ஏரித் துறைக்கு வந்தது. கடல் துறையைவிட ஏரித் துறையில்தான் அதிகச் சரக்கு இறங்கியது என்று பண்டைய கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ குறித்திருக்கிறார். மிளகைத் தேடிப் போகிறவர்கள் கடற்கரைக்கு முதுகைக் காட்டி ஏரியைப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம்.

## மூழ்கிய நகரை ஏன் வெளியே எடுக்கவில்லை?

எடுத்தால் கெட்டுவிடும் என்பது முதல் காரணம். இரண்டாயிரம் ஆண்டு உப்பு நீரில் ஊறிய கல் காய்ந்தால், உள்ளிருக்கும் உப்பு படிகமாகிக் கல்லை உரித்துவிடும். நன்னீரில் மாதக்கணக்கில் ஊறவைத்து உப்பை இறக்க வேண்டும். அப்புறம், எது எங்கே கிடக்கிறது என்பதே ஒரு தகவல். நகர்த்தினால் அது போய்விடும். யுனெஸ்கோவின் 2001 உடன்படிக்கை, இருந்த இடத்திலேயே பாதுகாப்பதை முதல் தெரிவாக வைக்கச் சொல்கிறது. எடுக்கவே கூடாது என்றில்லை. 2025 ஆகஸ்டில் அபு கிர் கடலிலிருந்து ஸ்பிங்ஸ் உட்பட சில சிலைகளை எடுத்தார்கள். எல்லாவற்றையும் எடுப்பதில்லை, அவ்வளவுதான்.

கடலடி அருங்காட்சியகம் ஒன்று அமைக்க வேண்டும் என்ற பேச்சும் நெடுநாளாக உண்டு. கண்ணாடிச் சுரங்கம் வழியாக நடந்து பார்க்கலாம் என்பது யோசனை. நீர் கலங்கலாக இருப்பது பெரிய தடை. இப்போதும் முக்குளித்துப் பார்க்க ஏற்பாடுகள் இருந்தாலும், பல நாட்களில் கை நீட்டும் தூரத்துக்கு அப்பால் எதுவும் தெளிவாகத் தெரியாது.

## அதே கடல், இன்றைய ஊர்

நிலம் தாழ்வது நிற்கவில்லை. கடல் மட்டம் இப்போது முன்னைவிட வேகமாக உயர்கிறது. மரியூத் ஏரி கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. மெக்ஸ் என்ற இடத்தில் பம்புகள் இரவு பகலாக ஓடி அதன் உபரி நீரைக் கடலுக்குள் தள்ளுவதால்தான் சுற்றியுள்ள பகுதிகள் காய்ந்திருக்கின்றன. கரையோரம் உப்பு நீர் மண்ணுக்குள் ஏறிக் கட்டட அடித்தளத்தை அரிக்கிறது. வருடத்துக்கு ஒன்றாக இருந்த கட்டடச் சரிவு, கடந்த பத்தாண்டில் வருடத்துக்கு நாற்பது வரை போயிருக்கிறது என்று 2025 இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. இது பழைய கற்களைவிட அவசரமான செய்தி. அங்கே இருப்பவர்கள் வாடகை கொடுத்து வாழும் மனிதர்கள்.

பயணிகள் இதைச் சில இடங்களில் நேரடியாகச் சந்திப்பார்கள். கார்னிஷ் எனப்படும் கடற்கரைச் சாலையில் கான்கிரீட் கட்டிகள் குவிந்திருப்பதால் சில இடங்களில் கடலே தெரியாது. நவம்பர் முதல் மார்ச் வரை அடிக்கும் புயல்களை ஊர்க்காரர்கள் நவ்வா என்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயரும் ஏறக்குறைய நிலையான தேதியும் உண்டு. அந்த நாட்களில் அலை சாலைக்கு மேல் வரும், நிலவறைகளுக்குள் நீர் கசியும். ஏப்ரல், மே மாதங்களும் அக்டோபரும் சுற்றிப் பார்க்க ஏற்றவை. கோடையில் எகிப்து முழுவதும் கடற்கரைக்கு இங்கேதான் வருகிறது, நெரிசல் தாங்காது. கெய்ரோவிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடலாம் என்பதால் ஒரே நாளில் முடித்துவிட்டுத் திரும்புகிறவர்கள் அதிகம். அவர்கள் கோட்டையையும் நூலகத்தையும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். ஓர் இரவு தங்கினால், முதல் நாள் நிலவறையும் தூணும் கோம் எல் திக்காவும், மறுநாள் அருங்காட்சியகமும் கரையோரமும் என்று வரிசைப்படுத்திக்கொள்ளலாம்.